பனீர் வரைக்கும் வாருங்கள்: நானோ ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிலையங்களிலும், உணவு கெடாமலிருக்க இயற்கைக் கிருமித்தடுப்பான்களை கண்ணுக்கே தெரியாத நானோ துகள்களில் ஏற்றிப் பார்க்கும் தமிழ் ஆய்வாளர்களுக்கு,

சென்ற மாதம் உங்களில் ஒரு குழுவினர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். கிராம்பு எண்ணெய்த் திட்டம் முடிந்துவிட்டது, கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது, மாதிரிகள் கொடுத்து உதவியதற்கு நன்றி. பனீரிலேயே செய்து பார்க்க வேண்டிய அடுத்த கட்டம் தங்கள் ஆய்வின் வரம்புக்குள் வராது. இவ்வளவுதான் விஷயம். கடைசிப் பத்தியில் மட்டும் ஒரு வேண்டுகோள்: அடுத்த திட்டத்துக்கும் கெட்டுப்போன பனீர் மாதிரிகள் தர முடியுமா? இந்த முறை கிராம்புக்குப் பதில் ஓமம், எமல்ஷனுக்கு (தண்ணீரில் கலந்து நிற்கும் நுண்ணிய எண்ணெய்த் துளிகளுக்கு) பதில் லிப்போசோம் (கொழுப்பால் ஆன நுண்ணிய பை).

அவர்களுக்கு மட்டும் ஒரு பதில் போட்டு முடித்திருக்கலாம். ஆனால் இது ஒரு குழுவின் குணமாக எனக்குத் தெரியவில்லை. மாதிரி கேட்டு என் கூடத்துக்கு வந்தவர்கள் எல்லோருமே இதே இடம்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள்தான். அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். உங்களில் பலர் கோவையிலும் திருச்சியிலும் படித்துவிட்டு இங்கே ஆய்வுக்கு வந்தவர்கள். என்னிடம் எப்போதும் தமிழில்தான் பேசுகிறீர்கள். நானும் தமிழிலேயே கேட்டுவிடுகிறேன்.

டர்பனுக்கு வடக்கே வெருலத்தில் சிறிய உணவுத் தயாரிப்புக் கூடம் நடத்துகிறேன். மாங்காய் ஊறுகாய், இஞ்சி பூண்டு விழுது, பனீர், இந்த மூன்றுதான். டர்பன் விக்டோரியா தெருச் சந்தை 1973 இல் எரிந்துபோகும்வரை அப்பா அங்கே ஊறுகாய் விற்றார். அதற்கப்புறம் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுத் தொழில் தொடர்ந்தது. இன்று ஃபீனிக்ஸ், சாட்ஸ்வர்த், டொங்காட் கடைகளுக்கு எங்கள் பக்கி வண்டியில் சரக்கு போகிறது. புரட்டாசி வந்துவிட்டால் பனீர் போட்டுக் கை ஓயாது. வருடம் முழுக்கக் கறி சாப்பிடும் வீடுகள்கூட அந்த மாதம் சைவமாகிவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊறுகாய்க்கு உங்கள் நானோ வேண்டாம். உப்பு, மாங்காயின் புளிப்பு, கடுகு, மேலே நிற்கும் எண்ணெய் எல்லாம் சேர்ந்து அந்த வேலையை ஏற்கெனவே பார்த்துக்கொள்கின்றன. ஆனாலும் வருகிறவர்கள் முதலில் ஊறுகாய் ஜாடியைத்தான் படம் எடுக்கிறார்கள். பாரம்பரியம் என்று முன்னுரையில் எழுத வசதி போலிருக்கிறது.

இஞ்சி பூண்டு விழுது கொஞ்சம் பயப்பட வேண்டிய சரக்கு. மண்ணிலிருந்து வரும் பூண்டில் பொட்டுலினம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். காற்றுப் படாமல் எண்ணெயில் மூழ்கிக் கிடந்தால் அவை முளைத்து விஷம் உண்டாக்கும். 1985 இல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் போட்ட பூண்டைச் சாப்பிட்டு 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். ஆனால் அதற்கும் விடை தெரிந்ததுதான். அமிலம் சேர்த்து, புளிப்பைக் காட்டும் பிஎச் அளவை 4.6 க்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடி போடுகிறோம்.

திண்டாட்டமெல்லாம் பனீரில். புளிப்பு குறைவு, ஈரம் அதிகம், கொழுப்பும் அதிகம். சோடியம் பென்சோயேட் போன்ற, கெடாமல் வைக்கும் பொருட்கள் நல்ல புளிப்புள்ள இடத்தில்தான் வேலை செய்யும், இங்கே அதற்கு மரியாதை இல்லை. பாலைக் கொதிக்கும் சூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகும்போது கிருமி செத்துவிடுகிறது, சரி. அதன் பிறகு வடிகட்டும் துணி, அழுத்தும் பலகை, குளிர்ந்த தண்ணீர்த் தொட்டி, வெட்டும் கத்தி, கட்டும் கை. கிருமி திரும்ப ஏறுவது இங்கேதான். எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஃபிரிட்ஜில் ஒரு வாரத்துக்குமேல் தாங்குவது கஷ்டம். முதலில் வெட்டின ஓரத்தில் ஒரு வழவழப்பு வரும். விரல் வைத்து எடுத்தால் மெல்லிய நூல்போல் இழுக்கும். வாசனை அதற்கப்புறம்தான் வரும். கடைக்காரர் வாசனையை வைத்துத் திருப்பி அனுப்புவார். எங்கள் கூடத்துப் பெண்களுக்கு அந்த வழவழப்பிலேயே தெரிந்துவிடும்.

2017, 2018 ஆண்டுகளை இந்த நாட்டில் உணவுத் தொழில் செய்யும் யாரும் மறக்க மாட்டார்கள். உணவில் பரவும் லிஸ்டீரியா கிருமியால் நோய் உறுதியானவர்கள் 1,060 பேர், இறந்தவர்கள் 216 பேர். நோய் வந்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைகள். அது போலனியிலிருந்து பரவியது என்று சுகாதார அமைச்சர் ஆரோன் மோட்சோலெடி 2018 மார்ச் 4 அன்று அறிவித்தார். பள்ளிக்கூடப் பிள்ளையின் ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பது போலனி. மலிவாகக் கிடைக்கிற இறைச்சி அதுதான். செப்டம்பரில்தான் ஆபத்து நீங்கியதாகச் சொன்னார்கள்.

நாங்கள் இறைச்சியைத் தொடுவதே இல்லை. ஆனாலும் போலனிச் செய்தி வந்த கையோடு கடைகள் எங்களிடமும் பரிசோதனைச் சான்று கேட்டன. கேட்டதில் தப்பில்லை. பனீர் மாதிரி மிருதுவான, ஈரமான பால் பொருள் லிஸ்டீரியாவுக்குத் தோதான இடம். ஃபிரிட்ஜின் 4 டிகிரியிலும் அது சும்மா இருக்காது, மெல்ல வளரும். அந்த வருடம் ஜூனில் உணவுக் கூடங்களுக்குப் புதிய சுகாதார விதிகள் வந்தன. தரை, வடிகால், கை கழுவும் தொட்டி எல்லாம் மாற்றினோம். வாங்கிய கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எனக்கு அனுப்பிய கட்டுரையின் முன்னுரையிலும் அந்த 216 என்ற எண் இருக்கிறது. படித்தபோது கோபம்தான் வந்தது. எந்த நானோ துகளும் அந்த 216 பேரைக் காப்பாற்றியிருக்காது. அது தொழிற்சாலைச் சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம், அழுக்குக் கூடத்தில் கிராம்பு எண்ணெய் தெளித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. சரி, ஆய்வின் முக்கியத்துவத்தைச் சொல்ல அந்த எண் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மக்கள் சாப்பிடும் ஓர் உணவிலாவது சோதித்துப் பார்த்திருக்க வேண்டாமா?

அப்புறம் மின்வெட்டு. 2022, 2023 இல் ஒரே நாளில் இரண்டு மூன்று முறை கரண்ட் போனது உங்களுக்கும் தெரியும், உங்கள் ஆய்வகத்து ஃப்ரீசருக்காக நீங்களும் ஓடியிருப்பீர்கள். 2024 மார்ச்சுக்குப் பிறகு லோட் ஷெடிங் பெரும்பாலும் ஓய்ந்தது. வயர் திருட்டும் டிரான்ஸ்ஃபார்மர் பழுதும் ஓயவில்லை. எங்கள் கூடத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது. எங்கள் பனீர் போய்ச் சேரும் மூலைக்கடையில் இல்லை. பிப்ரவரி வெயிலில் ஒரு மதியம் கரண்ட் போய் வந்தால், கடைக்காரர் ஃபிரிட்ஜைத் திறந்து தொட்டுப் பார்த்துவிட்டு, ஜில்லென்று இருக்கிறதே என்று மூடிவிடுவார். உள்ளே அதற்குள் என்ன நடந்தது என்பது யாருக்கும் தெரியாது. எனக்கு ராத்தூக்கம் கெடுவது இதில்தான். ஒரு வாரம் தாங்குவதை மூன்று வாரமாக்கிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு மதியத்தைத் தாண்ட ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறேன்.

கிராம்பு எண்ணெயை அப்படியே சேர்த்தால் என்ன என்று நானே செய்து பார்த்தேன், விற்பனைக்கு இல்லை, வீட்டுக்கு மட்டும். சமையலுக்கு விற்கும் எண்ணெய்தான். வழவழப்பு வர வழக்கத்தைவிட நாளானது. ஆனால் வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை. பட்டாணி மசாலாவில் கொதித்த பிறகும் பல் டாக்டர் அறை வாசனை. ஆச்சரியமில்லை, பல் மருத்துவர்கள் வைத்து அடைப்பதும் கிராம்பின் வாசனைப் பொருளான அதே யூஜினால்தான். அளவைக் குறைத்தேன். வாசனை போயிற்று, பாதுகாப்பும் கூடவே போயிற்று. மஞ்சளில் முயன்றபோது வேறு கூத்து. மஞ்சள் நிறப் பனீரைப் பார்த்து, பழசாகிவிட்டதா, சாயம் போட்டிருக்கிறாயா என்று மருமகள் கேட்டாள். கடையில் யார் வாங்குவார்கள்?

இது ஏன் என்று உங்கள் மாணவர் ஒருவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். யூஜினால் எண்ணெயோடு சேரும், தண்ணீரில் சரியாகக் கரையாது. கிருமி வாழ்வதோ ஈரத்தில். பனீரின் கொழுப்பும் புரதமும் அந்த எண்ணெயைத் தங்களிடமே இழுத்து வைத்துக்கொள்கின்றன. அதனால் சோதனைக் குழாயில் போதுமானதைவிட உணவில் பல மடங்கு தேவைப்படும். அளவு பல மடங்கானால் வாசனையும் அப்படித்தானே.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் நீங்கள் நானோவுக்குப் போனீர்கள். அது சரியான வழி என்றே நினைக்கிறேன். எண்ணெயை ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுத் துளிகளாக உடைத்தால் ஈரமான பரப்பு முழுக்கச் சீராகப் பரவும். மேலே உறை இருந்தால் சட்டென்று ஆவியாகாது, மெதுவாக வெளியே வரும். கைட்டோசான் என்ற பொருளில் செய்த உறைக்கு நேர்மின்னூட்டம், கிருமியின் மேற்பரப்புக்கு எதிர்மின்னூட்டம், தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். நைசினுக்கும் இதே கதை. பாலில் வளரும் ஒரு நல்ல கிருமி உண்டாக்கும் பொருள் அது. உலக உணவு, சுகாதார அமைப்புகளின் கூட்டு நிபுணர் குழு 1969 இலேயே ஏற்றுக்கொண்டது. லிஸ்டீரியாவை நன்றாக அடக்கும். ஆனால் கொழுப்பில் ஒட்டி வலுவிழக்கும், ஈ.கோலை போன்றவற்றின் வெளிச்சவ்வைத் தாண்டாது, பூஞ்சையை ஒன்றும் செய்யாது. லிப்போசோமுக்குள் வைத்தால் கொழுப்பிடமிருந்து கொஞ்சம் தப்பிக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்லிவிட்டுப் போகிறவள் இல்லை நான். உங்கள் சுரைக்காய் நிஜம்தான், கறிக்கு நறுக்கத்தான் யாரும் வரவில்லை.

கட்டுரையில் என்ன செய்திருக்கிறீர்கள்? என் பனீரிலிருந்து கிருமிகளைப் பிரித்து, தெளிவான சத்து நீரில் வளர்த்து, எமல்ஷனை விட்டு, 37 டிகிரியில் ஒரு ராத்திரி வைத்திருக்கிறீர்கள். கிருமி செத்தது. அட்டவணை அழகாக இருக்கிறது. அந்தச் சத்து நீரில் கொழுப்பே கிடையாது. கொழுப்புதான் தடை என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டுக் கொழுப்பில்லாத இடத்தில் சோதித்தால் என்ன அர்த்தம்? 37 டிகிரி மனித உடம்பின் சூடு. என் பனீர் இருப்பது 4 டிகிரியில், கரண்ட் போனால் 12, 15 என்று ஏறும். அந்த இரண்டு நிலையும் கட்டுரையில் இல்லை. எதோடு ஒப்பிட்டீர்கள் என்று பார்த்தேன். எதுவுமே சேர்க்காத குழாயோடு. இன்று நான் கடையில் வாங்கக்கூடிய சாதாரண நைசினோடோ, பொட்டாசியம் சோர்பேட் என்ற பாதுகாப்புப் பொருளோடோ, ஏன், உடைக்காத அதே கிராம்பு எண்ணெயோடோகூட ஒப்பிடவில்லை. நானோ துளி சாதாரண எண்ணெயைவிட எப்போதும் நன்றாக வேலை செய்யும் என்று சொல்ல முடியாது, சில சமயம் துளியைப் பிடித்து நிறுத்தும் பொருளே எண்ணெயையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று அதே மாணவர்தான் என்னிடம் ஒத்துக்கொண்டார். கட்டுரையில் அந்த வரி எங்கே?

அந்தப் பிடித்து நிறுத்தும் பொருள் டுவீன் 80. பொருட்கள் பட்டியலில் பார்த்தேன். உணவில் அனுமதி உள்ளதுதான், ஐஸ்கிரீமில் இருக்கிறது, எனக்கு அதில் பயம் இல்லை. ஆனால் கிராம்பைவிட அது அதிகமாக இருக்கும் ஒரு கரைசலை முழுக்க இயற்கையானது என்று மேடையில் சொல்லிவிட்டு, லேபிளில் எழுத வேண்டிய வேலையை என்னிடம் விட்டுவிடுகிறீர்களே, அதுதான் நியாயமில்லை.

அந்த மாணவத் தம்பி ஒரு சின்ன பாட்டில் எமல்ஷன் கொண்டுவந்து கொடுத்திருந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் லேசான நீல நிறம், கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரி தெளிவு. பார்க்கவே நன்றாக இருந்தது. ஃபிரிட்ஜில் வைத்தேன். சில வாரங்களில் பால்போல் வெளுத்தது. பிறகு பாட்டிலின் கழுத்தில் மஞ்சளாக ஓர் எண்ணெய் வளையம் வந்து நின்றது. சின்னத் துளிகள் கரைந்து பெரிய துளிகளோடு சேர்ந்துவிடும், கிராம்பு எண்ணெய்க்கு அது சீக்கிரம் நடக்கும், கொஞ்சம் சோள எண்ணெய் கலந்தால் நிற்கும், ஆனால் கலந்தால் கிருமியைக் கொல்லும் வலு குறையும் என்றார். நல்லது, இதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டியது. கட்டுரையிலோ, துளியின் அளவு செய்த அன்றைக்கு அளந்தது மட்டும்தான் இருக்கிறது.

அந்த பாட்டிலின் மேல் இன்னொன்றும் ஒட்டியிருந்தது: உட்கொள்ளக் கூடாது. ஆய்வகத்தில் வாங்கும் இரசாயனத் தர எண்ணெயில் செய்தது, மனிதருக்குக் கொடுக்க நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கவில்லை. உணவுக்காகச் செய்த ஒன்றை ஒருவரும் நாக்கில் வைத்துப் பார்க்காமலேயே திட்டம் முடிந்துவிட்டது. பனீர் போடுகிற எனக்கு முதல் கேள்வி ருசிதான். பல் டாக்டர் வாசனை போனதா இல்லையா? உங்களிடம் பதில் இல்லை.

எங்கே சேர்ப்பது என்ற கேள்விக்கும் பதில் இல்லை. பாலில் கலந்தால் எவ்வளவு பனீரில் நிற்கும், எவ்வளவு தெளிநீரோடு சாக்கடைக்குப் போகும்? பாலைச் சுட வைக்கும் சூட்டில் துளி உடையாமல் இருக்குமா? கிருமி வந்து ஒட்டுவது வெட்டின பரப்பில் என்பதால் கடைசியில் முக்கி எடுப்பதோ தெளிப்பதோதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் ஏற்கெனவே முக்குகிறோம், அந்தத் தண்ணீரிலேயே சேர்க்க முடிந்தால் தனி இயந்திரம்கூட வேண்டாம். இதை இரண்டு மூன்று பேரிடம் சொன்னேன். நல்ல யோசனை என்று குறித்துக்கொண்டார்கள். அளவு விஷயமும் இருக்கிறது. ஒலி அலை விட்டுத் துளி உடைக்கும் உங்கள் கருவியில் ஒரு தடவைக்கு ஒரு டம்ளர்தான் செய்ய முடியும். என் தொட்டிக்கு ஒரு டிரம் வேண்டும். அழுத்தத்தில் உடைக்கும் பெரிய இயந்திரத்தின் விலையைக் கேட்டு நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

கைட்டோசானைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். அது எதிலிருந்து எடுக்கிறது என்று கேட்டார். இறால் ஓடு, நண்டு ஓடு என்றார் தம்பி, வெள்ளந்தியாக. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். புரட்டாசிக்கு வாங்கும் பனீரில் இறால் ஓடு! இன்னொரு குழு லைசோசைம் என்று வந்தது, அது முட்டை வெள்ளைக்கரு. லிப்போசோம் செய்யும் லெசித்தின் சோயாவா முட்டையா என்று கேட்டதற்கு, எது மலிவாகக் கிடைக்கிறதோ அது என்றார்கள். பக்தி விஷயம் மட்டும் என்று தள்ளிவிடாதீர்கள். இறாலும் முட்டையும் ஒவ்வாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது உயிர் விஷயம். காளானிலிருந்து கைட்டோசான் எடுக்கலாம். ஸெயின் என்ற புரதத்தை இந்த நாட்டு மீலிச் சோளத்திலிருந்தே எடுக்கலாம். வழி இருக்கிறது, தேர்ந்தெடுக்கும்போது சாப்பிடுகிறவர் யார் என்று யோசித்தால் போதும்.

சென்ற ஆண்டு கோயில் மண்டபத்தில் சமூக மக்களுக்காக ஒரு கூட்டம் போட்டீர்கள். இயற்கையானது, பாதுகாப்பானது, விரைவில் கடைகளில் என்று திரையில் ஓடியது. மறுநாளே வாடிக்கையாளர்கள் என்னிடம் வந்தார்கள். பாதிப்பேர், எப்போது வரும் என்று கேட்டார்கள். மீதிப்பேர், நீயும் அந்த நானோவைப் போடுகிறாயா, வேண்டாம் என்றார்கள். பயப்படுகிறவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். டைட்டானியம் டையாக்சைடைப் பல வருடம் மிட்டாயிலும் சூயிங்கத்திலும் வெள்ளை நிறத்துக்குப் போட்டார்கள். மரபணுவுக்குக் கேடு இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 இல் சொன்னது, 2022 இல் அங்கே தடை வந்தது. அது கரையாத உலோக ஆக்சைடு, கொழுப்பிலும் புரதத்திலும் செய்த உங்கள் உறை வயிற்றில் செரிக்கும், இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் செரிக்கும் உறை என்பதாலேயே கேள்வி முடிந்துவிடாது. உள்ளே இருக்கும் பொருள் வழக்கத்தைவிட அதிகமாக உடம்பில் சேருமா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் 2014 டிசம்பரிலிருந்து, உருவாக்கிய நானோ பொருள் உணவில் இருந்தால் லேபிளில் அதன் பெயருக்குப் பக்கத்தில் நானோ என்று எழுதியாக வேண்டும். இங்கே என்ன செய்யப்போகிறோம் என்று உங்களைக் கேட்டால், அது சட்டத் துறையின் வேலை என்கிறீர்கள்.

உங்கள் பக்கமும் எனக்குப் புரிகிறது. கட்டுரை எண்ணிக்கையை வைத்துத்தான் உங்கள் வேலை நீடிக்கிறது. மாணவருக்கு விசா முடிவதற்குள் பட்டம் வாங்க வேண்டும். உணவில் செய்யும் சோதனை நாள் பிடிக்கும், செலவு பிடிக்கும், முடிவும் சத்து நீரில் வந்ததுபோல் அழகாக வராது. எல்லாம் சரி. ஆனால் 2007 இல் அரசு ஆய்வு நிறுவனங்களான சிஎஸ்ஐஆரிலும் மின்டெக்கிலும் நானோ மையங்கள் தொடங்கிய நாளிலிருந்து இந்தத் துறையில் போய்க்கொண்டிருப்பது எங்கள் வரிப்பணமும்தான். நீங்கள் நிறுத்துகிற இடத்திலிருந்து மிச்சத்தைச் செய்ய என்னிடம் ஆய்வகம் இல்லை. என் கூடத்துக்குள் லிஸ்டீரியாவைக் கொண்டுவந்து சோதிக்கவும் முடியாது, கூடாது. நீங்கள் செய்யாவிட்டால் அது நடக்காது.

ஆகவே கேட்கிறேன்.

ஓமத் திட்டத்துக்குப் பனீர் தருகிறேன், ஆனால் கெட்டுப்போனதை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அன்று போட்ட நல்ல பனீரையும் எடுத்துப் போய், உங்கள் பாதுகாப்பான ஆய்வகத்தில் லிஸ்டீரியாவை அதில் விட்டுச் சோதியுங்கள். அந்தக் கிருமியைக் கையாள அனுமதி இல்லையென்றால், அதன் தீங்கில்லாத உறவுக்காரக் கிருமி ஒன்றைச் சோதனைக்கு வைத்துக்கொள்வீர்களே, அதையாவது விடுங்கள். 4 டிகிரியில் ஒரு தொகுதி, நடுவில் சில மணிநேரம் கரண்ட் போனதுபோல் சூடேற்றித் திரும்பக் குளிர வைத்த ஒரு தொகுதி. கூடவே சாதாரண நைசின், சோர்பேட், உடைக்காத எண்ணெய், மூன்றையும் வைத்து ஒப்பிடுங்கள். நானோ தோற்றால் தோற்றது என்று எழுதுங்கள். அதுவும் எனக்கு உபயோகம்தான், வேறு வழி பார்ப்பேன்.

உணவுத் தரப் பொருட்களில் செய்யுங்கள், நெறிமுறை அனுமதியைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே வாங்குங்கள், நாலு பேருக்குச் சமைத்துக் கொடுத்துக் கேளுங்கள். சமைப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உறை எதிலிருந்து எடுத்தது என்பதைக் கட்டுரையின் சுருக்கத்திலேயே எழுதுங்கள்: இறாலா, காளானா, முட்டையா, சோயாவா. துளியின் அளவைச் செய்த அன்றைக்கும், பனீர் விற்கும் கடைசி நாளன்றும் அளந்து இரண்டையும் போடுங்கள். ஒரு கிலோ பனீருக்கு எத்தனை ராண்ட் கூடும் என்று ஒரு வரி, எந்த இயந்திரம் வேண்டும் என்று இன்னொரு வரி.

சுகாதாரத் துறையிடம் நீங்களும் எங்களைப் போன்ற சிறு தயாரிப்பாளர்களும் சேர்ந்தே போவோம். எந்தச் சோதனை முடிவுகள் இருந்தால் இதை உணவில் அனுமதிப்பார்கள், லேபிளில் என்ன எழுத வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குவோம். அதுவரை கோயில் மண்டபத்திலோ வேறு மேடையிலோ விரைவில் கடைகளில் என்று சொல்வதை நிறுத்துங்கள். சென்ற ஆண்டு சொன்னதற்கு அதே மண்டபத்தில் ஒரு திருத்தமும் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு திட்டம் முடியும்போதும் என்ன பலித்தது, என்ன பலிக்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதி மாதிரி கொடுத்தவர்களுக்கு அனுப்புங்கள். தமிழில் மட்டும் போதாது. என்னோடு வேலை செய்யும் பெண்களில் பாதிப்பேர் ஜூலு பேசுகிறவர்கள், தொட்டியில் கை வைப்பது அவர்கள்தான்.

மின்னஞ்சல் அனுப்பிய குழுவுக்கு: மேலே சொன்னதில் எவை உங்களால் முடியும், எவை முடியாது என்று புரட்டாசி பிறப்பதற்குள் எழுதுங்கள். பனீரில் செய்து பார்க்கும் கட்டம் திட்டத்தில் எழுத்தில் இருந்தால் மட்டுமே மாதிரி தருவேன். செவ்வாய்க்கிழமைகளில் காலை ஆறு மணிக்குப் பால் வரும், ஒன்பது மணிக்குள் பனீர் அழுத்தத்தில் இருக்கும். அந்த நேரத்துக்கு வந்தால் எந்தக் கட்டத்தில் சேர்க்கலாம் என்று தொட்டிக்குப் பக்கத்தில் நின்றே பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வெருலத்தில் பனீர் போடும் ஒருத்தி